படப்பெட்டிக்கு ஒரு விளக்கு

ஒரே படத்தை ஒரே ராத்திரியில் இரண்டு ஊரில் ஓட்டலாம் என்று சீனிவாசகம் முதலாளிக்கு யோசனை சொன்னவர் யாரோ தெரியாது. நிச்சயமாகச் சைக்கிள் மிதிக்கிறவராக இருக்க முடியாது. முதலாளிக்கு வெம்பக்கோட்டையில் ஒரு டூரிங் கொட்டகை, ஏழாயிரம்பண்ணையில் இன்னொன்று. ஒரு படப்பெட்டியை எடுத்து இரண்டு ஊர் சனத்தையும் அழவைத்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வெம்பக்கோட்டையில் படம் ஆரம்பிக்கும். முதல் பாதி முடிந்ததும் அந்த ரீல்கள் கடைசி பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விடும். அங்கே ஒன்பது மணிக்கு ஆட்டம். இரண்டாம் பாதி வெம்பக்கோட்டையில் ஓடி முடியப் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். ஏழாயிரம்பண்ணையில் இடைவேளை பத்தரைக்கு. நடுவில் ஆறு மைல். பஸ் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, ரோடு என்று சொல்லிக்கொள்ளும்படியாகவும் ஒன்றும் கிடையாது. எட்டு ரீல் அடங்கிய தகரப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷத்தில் அந்த ஆறு மைலைக் கடக்க வேண்டிய ஆள்தான் சங்கிலிமுத்து.

முதல் சனிக்கிழமை நிலா இருந்தது. பெட்டி நேரத்துக்குப் போய்விட்டது. முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொடுத்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை நிலா தேய்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, கால் மணி நேரம் தாமதம். அதற்கடுத்தது அமாவாசையை ஒட்டி வந்தது. அன்றைக்கு ஓடைக்குள் விழுந்து எழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு அவன் போய்ச் சேர்ந்தபோது, ஏழாயிரம்பண்ணை ரசிகர்கள் இரண்டு பெஞ்சை உடைத்து முடித்து மூன்றாவதில் கைவைத்திருந்தார்கள்.

முதலாளி கோபத்தில் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏலே சங்கிலி, சிவகாசியில ஒருத்தன் மோட்டார் சைக்கிள் வச்சிருக்கான். மெயின் ரோட்டைச் சுத்தி வந்தாலும் அரை மணில வந்துருவானாம். பேசி வச்சுட்டேன். வர்ற சனிக்கிழமை ஒரு தடவை உனக்கு. பத்தரைக்குப் பெட்டி வரலேன்னா நீ வேற பொழைப்பைப் பாத்துக்க."

வேற பொழைப்பு என்று முதலாளி லேசாகச் சொல்லிவிட்டார். சங்கிலிமுத்துக்குத் தெரிந்த வேறு பிழைப்பு ஒன்றே ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து அறையில் ஒரு சட்டி மருந்து பற்றிக்கொண்டதில் அவன் இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. ஒன்றரை மாசம் வாழையிலையில் கிடந்தான். அவன் மனைவி வேலுத்தாய் அதே கம்பெனியில் வெடிக்குக் காகிதம் சுற்றுகிறவள். இனிமேல் மருந்து ரூம் வாசலை மிதித்தால் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னவள்தான். ஆனால் சீசன் நெருங்குகிறது. மருந்து ரூமுக்கு ஆள் பற்றாமல் போர்மேன் அவளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். உன் புருசனைத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல் என்று கெடு வேறு. சினிமா வேலை போய்விட்டால் வீட்டில் சோறு பொங்க அந்தப் பதில் ஒன்றுதான் இருந்தது. இருவருக்கும் அது தெரியும் என்பதால் இருவரும் அதைப் பேசவில்லை. விளக்கைப் பற்றிப் பேசினார்கள்.

சாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் நல்ல மனுஷர். மூன்று விளக்கைச் சாக்கில் போட்டுக் கொடுத்து, "ஓட்டிப் பாத்துட்டு பிடிச்சதை வச்சுக்கிடுங்க, மத்ததைக் கொண்டாந்துருங்க" என்றார். கையில் கிடைத்த சாக்கோடு சங்கிலிமுத்து ஊர் திரும்பிய வேகத்தைப் பார்த்தால், விளக்கே வேண்டாம், இந்த ஆளே மோட்டார் சைக்கிளை ஜெயித்துவிடுவான் என்று தோன்றியிருக்கும்.

சோதனைக்கு இடம் வற்றிப்போன கண்மாயின் கரை. முறை வேலுத்தாய் கண்டுபிடித்தது. இருட்டியதும் அவள் கரைமேல் ஒரு கல், ஒரு உடைமுள் கொப்பு, ஒரு கயிறு, கவிழ்த்த கரிச்சட்டி என்று இடம் மாற்றி மாற்றிப் போட்டு வைப்பாள். அவன் எதிர்முனையிலிருந்து மிதித்து வந்து, கண்ணில் பட்ட நிமிஷம் பொருளின் பெயரைச் சொல்லி பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பிறகு அவள் காலால் அளப்பாள். எத்தனை எட்டு தூரத்தில் தெரிந்ததோ அதுதான் விளக்குக்கு மார்க்கு.

செவ்வாய்க்கிழமை மண்ணெண்ணெய் விளக்கு. அது வழியைக் காட்டவில்லை. தான் இருக்கிற இடத்தை மட்டும் காட்டியது. கயிற்றின்மேல் ஏறி இறங்கிய பிறகுதான் "கயிறு" என்றான் சங்கிலிமுத்து. நாலு எட்டு என்று அளந்தாள் வேலுத்தாய், அதுவும் கரிச்சட்டி உடைந்த சத்தத்தைக் கேட்டு இரக்கப்பட்டு. பாதிக் கரைக்கு வருமுன் காற்று வந்து அணைத்துவிட்டது.

புதன்கிழமை கார்பைடு விளக்கு. மேலே தண்ணீர், கீழே கார்பைடுக் கல். தண்ணீர் சொட்டச் சொட்டக் கல் சீறி, நாற்றமெடுத்த ஒரு வாயு வெள்ளையாக எரியும். கரைமேல் கிடந்த கல்லை இருபது எட்டில் சொன்னான், முள்ளைப் பதினைந்தில் சொன்னான். வேலுத்தாய்க்கு முகமெல்லாம் பல். ஆனால் வீடு திரும்பும் வழியில் அவளே நின்றுவிட்டாள்.

"இது எரியிற விளக்குல்லா? கம்பெனி வேலி ஓரமா எப்படிப் போவீக? பலவேசம் அண்ணாச்சி விடுவாரா?"

விடமாட்டார். குறுக்குப் பாதையில் அரை மைல் தூரம் பட்டாசுக் கம்பெனியின் முள்வேலியை ஒட்டித்தான் போக வேண்டும். வாட்ச்மேன் பலவேசம் அந்த அரை மைலுக்கும் ராஜா. பீடி குடிக்கிறவன் நூறு கஜத்துக்கு முன்னாலேயே வேப்பமரத்தடியில் பீடியை மிதித்து அணைத்துவிட்டு வர வேண்டும். கல்யாண ஊர்வலமே ஒருமுறை விளக்கை அணைத்து, மாப்பிள்ளையை இருட்டில் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறது. போதாததற்குக் கேரியரில் இருப்பதோ பழைய படத்தின் சுருள், தீயைப் பார்த்தாலே தாவி ஏறுகிற சாதி. இருபது எட்டு மார்க்கு வாங்கிய விளக்கு சாக்குக்குள் திரும்பிப் போனது.

வியாழக்கிழமை டைனமோ. சின்ன மருந்துப் பாட்டில் மாதிரி ஒன்று, தலையை டயரில் உரசிக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஒரு வயர் முன்னால் இருந்த விளக்குக்குப் போனது. திரி இல்லை, எண்ணெய் இல்லை, நெருப்பு இல்லை. மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. முதலில் மெதுவாக மிதித்தான். மின்மினி அளவுக்கு என்னவோ சிவந்தது. சீ என்று ஆகிவிட்டது அவனுக்கு. அந்த வெறுப்பிலேயே ஓங்கி நாலு மிதி மிதித்தான்.

கரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"முள்ளு" என்று கத்தினான். "அங்கன கயிறு. அதுக்கு அங்கிட்டு கல்லு. கல்லுக்குப் பக்கத்துல நீ நிக்கே."

வேலுத்தாய் காலால் அளந்துகொண்டே வந்தாள். நாற்பது எட்டு. நம்பாமல் திரும்பவும் அளந்தாள். நாற்பத்திரண்டு. பிறகு அவளையும் முன்னால் ஏற்றிக்கொண்டு கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக எட்டுத் தடவை ஓட்டினான். சோதனை என்று பெயர். உண்மையில் இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. டைனமோ டயரை அழுத்தியதில் கால் கனத்தது, பின்னால் ஒரு ஆள் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சோதித்தவர்கள் ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை. அந்த வெளிச்சம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. வேலுத்தாய் மத்தியானமே ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டாள். பெட்டி வந்து சேர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வெம்பக்கோட்டையில் பத்து மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது கடைசி ரீல் கழன்றது. பெட்டியைக் கட்டி, டைனமோவைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான் சங்கிலிமுத்து.

அப்படி ஒரு ஓட்டம் அவன் அதற்கு முன் ஓட்டியதில்லை. முன்னொரு சனிக்கிழமை அவன் வண்டியை விழுங்கிய பள்ளம் முப்பது கஜத்துக்கு முன்னாலேயே வாயைப் பிளந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒதுங்கினான். ரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து மரியாதையாக வழிவிட்டது. ஓடையைக் கடந்து மேடேறியபோது வெளிச்சம் மங்கியது, இறக்கத்தில் பொங்கியது. காற்றில் சட்டை படபடத்தது. தனியாளாக இருந்தும் சிரித்துக்கொண்டே மிதித்தான். கம்பெனி வேலி ஆரம்பித்தபோது கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வேலியில் பாதி தாண்டியிருப்பான். கம்பெனி வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டு அடிக்கத் தொடங்கியது.

அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது, வயிற்றில் விழும். சங்கிலிமுத்துக்கு வெந்த கை சிலிர்த்தது. தீ. எங்கே என்று பார்க்கக்கூட அவன் திரும்பவில்லை. கேரியரில் பழைய சுருள் இருக்கிறது, ஒரு பொறி போதும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தான். மிதிக்க மிதிக்க வெளிச்சம் கூடியது. வெளிச்சம் கூடக் கூடத் தண்டவாளம் வேகமாக அடித்தது.

கம்பெனிக்குத் தெற்கே இருந்த சின்னக் குடியிருப்பில் சனம் முழுக்க விழித்துக்கொண்டது. அவர்கள் பார்த்தது என்னவென்றால், முள்வேலிச் சந்துகளுக்குள்ளே பளிச் பளிச்சென்று துடித்துக்கொண்டு ஒரு வெள்ளை நெருப்பு, காய்ந்த புல்லைப் பிடித்து, சரக்கு கட்டி வைத்திருக்கும் ஷெட்டைப் பார்த்து ஓடுகிறது. பொம்பளைகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே காட்டுக்குள் ஓடினார்கள். ஆம்பளைகள் வாளி மணலும் நனைத்த சாக்குமாக நெருப்பை மறிக்க வேலி முனைக்கு ஓடினார்கள். அங்கே வழக்கம் அதுதான், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வேலி முடிந்து சங்கிலிமுத்து திரும்பினான். ஈரச்சாக்கு ஒன்று முகத்தில் விழுந்தது. இரண்டாவது சாக்கு விளக்கின்மேல். ஒரு வாளி மணல் நெஞ்சில். வண்டி சாய்ந்தது, சக்கரம் நின்றது, வெளிச்சம் போய்விட்டது.

"தீ அமந்துருச்சு" என்று யாரோ இருட்டுக்குள் பெருமூச்சு விட்டார்கள்.

"அமரல, நாந்தான்யா. சினிமாப் பெட்டி" என்றான் சங்கிலிமுத்து, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே.

பலவேசம் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடிவந்து, சாக்கை விலக்கி முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். டைனமோவைப் பார்த்தார். கையில் தண்டவாளம் அடித்த கம்பி இன்னும் இருந்தது.

"பாவிப்பயலே, எங்க உசிரு போய்ட்டு வந்துச்சுலே" என்றார்.

"திட்டுறத நாளைக்குத் திட்டுங்க அண்ணாச்சி. மணி என்ன?"

பத்து இருபது. இன்னும் ஒன்றரை மைல். பெட்டிக்கு ஒன்றுமில்லை, தகரத்தில் ஒரு நெளிசல். ஆனால் டயர் நனைந்துவிட்டதால் டைனமோ வழுக்கியது. மிதித்தும் விளக்கு எரியவில்லை. சாக்கு வீசிய ஆட்களே டயரை வேட்டியால் துடைத்து, வாளியில் மிச்சமிருந்த காய்ந்த மணலை அள்ளித் தேய்த்தார்கள். இரண்டு பேர் கேரியரைப் பிடித்துத் தள்ளினார்கள். டைனமோ முனகி, பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்தது.

அரை மைல் போயிருப்பான். எதிரே ரோடு முழுக்க ஆட்கள் ஓடிவந்தார்கள். ஏழாயிரம்பண்ணைக் கொட்டகைக் கூட்டம் அது. தண்டவாளச் சத்தம் அங்கேயும் கேட்டுவிட்டது. பாதிப்பேர் வீடு கம்பெனிப் பக்கம். அழுகைக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடி வந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு வேலுத்தாய். தண்டவாளம் அடித்த நேரத்தில் தன் புருஷன் சரியாக எங்கே இருப்பான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"தீ எங்கன?"

"நாந்தான் தீ" என்றான் சங்கிலிமுத்து.

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். வேலை போனால் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் அவனுக்குத் தோன்றியது உண்மை. அடுத்த நிமிஷம் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீக, மிதிங்க" என்றாள்.

பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெட்டி கொட்டகைக்குள் போனது. உள்ளே முதலாளியும் ஆபரேட்டர் ஜேசுதாசனும் காலி பெஞ்சுகளும்தான்.

"பெட்டி வந்துருச்சு" என்றார் முதலாளி. "பாக்குறதுக்கு ஆள் எங்கலே?"

ஆள் வந்தது. போனதைவிடக் கூடுதலாக வந்தது. குடியிருப்பு சனமும் தூக்கம் போன எரிச்சலில் கூடவே வந்துவிட்டது. டார்ச்சும் கையுமாகப் பலவேசமும் வந்து முதலாளி முன்னால் நின்றார். குரலில் கோபம் இல்லை.

"இந்த விளக்கு இனிமே வேலிப் பக்கம் வரக்கூடாது, மொதலாளி. வாரா வாரம் நான் தண்டவாளம் அடிச்சா, நெசமாத் தீ பிடிக்கிற அன்னைக்கு ஒருத்தனும் எந்திரிச்சு வரமாட்டான்."

அவர் சொன்னது நியாயம்தான். சங்கிலிமுத்துகூடத் தலையாட்டினான். முதலாளி சங்கடத்தோடு தாடையைத் தடவினார். "அப்ப மோட்டார் சைக்கிள்தான்" என்றார்.

அப்போதுதான் ஜேசுதாசன் வாயைத் திறந்தார். பாட்டுக் காட்சி வந்தால் லென்சுக்கு முன்னால் கலர் கண்ணாடித்தாளைப் பிடித்து, கறுப்புவெள்ளைக் கதாநாயகியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் ஆட வைக்கிற ஆள் அவர். "கலரை மாத்திப் பாத்தா என்ன? தீ மாதிரி தெரிஞ்சாத்தான தப்பு" என்றார்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். ஒருவன் பெடலைக் கையால் சுழற்றினான். எதிரே முந்நூறு பேர் நின்றார்கள். பட்டாசு செய்தே வளர்ந்த முந்நூறு பேர். இதைவிடப் பொல்லாத நீதிபதிகளை எங்கே போய்த் தேடுவது? ஜேசுதாசன் முதலில் சிவப்புத் தாளைப் பிடித்தார்.

"செவப்பு மத்தாப்பு" என்றது கூட்டம்.

பச்சை. "போன தீவாளிக்கு லோடு லோடாப் போட்டோம். வேண்டாம்." மஞ்சளைப் பிடித்ததும் ஒரு கிழவி, அது சாட்சாத் வைக்கோல்போர்தான் என்று கையை உதறினாள். தாள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டு வந்தது. வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீலம் இருக்கா அண்ணே? நீலத்தைப் போடுங்க. எங்க கம்பெனியில மூணு வருசமா நீலத்துக்கு மருந்து கலக்கிப் பாக்காக. இன்னைக்கு வரைக்கும் வரல. நம்ம சரக்குல எரியிறது எதுவும் நீலமா எரியாது."

நீலத் தாளைப் பிடித்தார். ஒருவரும் எந்தச் சரக்கின் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல ஒரு பெயரும் இல்லை.

பலவேசம் மட்டும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இங்கன நின்னு பாக்குறது வேற, வேலிக்குள்ள நின்னு பாக்குறது வேற. நான் போய் எடத்துல நிக்கேன். படம் முடிஞ்சு இவன் இதே விளக்கோட வேலி ஓரமா வரட்டும். எங் கை கம்பிக்குப் போச்சுன்னா அம்புட்டுதான்."

"சரி" என்றார் முதலாளி. "தண்டவாளம் அடிச்சா மோட்டார் சைக்கிள். அடிக்கலேன்னா இவன்." முன்வரிசையில் பொறுமையிழந்த ஒருவன் படத்தைப் போடச் சொல்லிக் கத்தினான். படம் போட்டார்கள். சங்கிலிமுத்து அதில் ஒரு காட்சியைக்கூடப் பார்க்கவில்லை.

நடுநிசிக்குப் பிறகு கிளம்பினார்கள். பெட்டி காலை பஸ்ஸுக்காகக் கொட்டகையிலேயே தங்கியது. கேரியரில் வேலுத்தாய் உட்கார்ந்தாள். நீலத்தாள் பாதி வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. கண்மாய்க்கரையில் நாற்பது எட்டு வாங்கிய விளக்கு இப்போது இருபதைத் தாண்டினால் அதிகம். மீதியைக் காலால்தான் ஈடுகட்ட வேண்டும். மிதித்தான். தொடை எரிந்தது.

குடியிருப்பு வாசல்களில் சனம் தூங்காமல் நின்றது. வேலி ஆரம்பித்தது. வேலுத்தாய் அவன் சட்டையை முதுகோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முட்களுக்கு நடுவே நீலம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டு கூடவே ஓடியது. கம்பெனி வாசல் எதிரே வந்தபோது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பலவேசம் நிற்பது தெரிந்தது. கம்பி கையில் இருந்தது. கை உயர்கிறதா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. ரோட்டை மட்டும் பார்த்தான். கால் மைல் போயிற்று. காதில் டைனமோ சத்தமும் தன் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை. வேலியின் கடைசிக் கல்லும் பின்னால் போனது.

சத்தம் வரவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேலுத்தாயின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"திங்கக்கிழமை போர்மேன் கேட்டா, எங்க வீட்டு ஆளுக்கு வேலை இருக்குன்னு சொல்லிருதேன்" என்றாள்.